தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல்

குடிலைத் துரத்தியவர்களின் வாசலில் போய் நிற்க வேண்டி வரும் என்று வெர்னா குஸ்மா கனவிலும் நினைத்தவள் இல்லை.

மார்லோ ஃபெர்ரியில் அவர்களுக்கு அப்படித்தான் பெயர். பலகையில் 'உரிமைக் கழகம்' என்று போட்டுக்கொள்வார்கள். ஊருக்கு அவர்கள் குடிலைத் துரத்தின கும்பல். நகரமன்றத்து வாசலில் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு குடில் வைப்பார்கள். எஃகு ஆலை ஓடிய காலத்தில் ஆலைக்காரர்களே வேலை நேரம் முடிந்த பிறகு இருந்து பற்றவைத்துச் செய்தது. மாதாவும் சூசையப்பரும் ஆளுயரம் இருப்பார்கள். ஒட்டகத்துக்கு மட்டும் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. அரசாங்க இடத்தில் ஒரு மதத்தின் சாமியை வைக்கலாகாது என்று மாநிலத் தலைநகர் கொலம்பஸிலிருந்து கழகத்தார் வந்து வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள். குடில் லாரியில் ஏறித் தெருமுனையில் இருந்த கோயில் வளாகத்துக்குப் போயிற்று. கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ஊருக்கு அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. அப்போது கழகத்தை எதிர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் வெர்னாவும் ஒருத்தி. பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அல்லவா, எல்லா வீட்டு வாசலும் அவளுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, கொலம்பஸில் அவர்களுடைய அலுவலகப் படியில் ஏறினாள். மகளைப் புதைத்து ஒரு குளிர்காலம் போயிருந்தது. உள்ளூர் வக்கீல்களில் ஒருவர் மேயரின் சம்பந்தி. இன்னொருவர் நகரமன்றத்துக்கே வக்கீல். மூன்றாமவர் கதவைச் சாத்திக்கொண்டு, "வெர்னா, உன் பொண்ணு போலீஸைக் கூப்பிடவே இல்லையே. கூப்பிடாதவங்க வீட்டுக்கு அவங்க வரலைன்னு யார்மேல வழக்குப் போடறது?" என்று கேட்டார்.

கூப்பிடவே இல்லைதான். ஏன் கூப்பிடவில்லை என்பதுதானே கதை.

கேளுங்கள். மார்லோ ஃபெர்ரியில் தொல்லை வீட்டுச் சட்டம் என்று ஒன்று போட்டிருந்தார்கள். ஒரு வாடகை வீட்டுக்கு வருஷத்தில் மூன்று தடவை போலீஸ் வண்டி வந்துவிட்டால், அது தொல்லை வீடு. குடியிருப்பவரை வீட்டுக்காரர் காலி செய்ய வைக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்கு வாடகைக்கு விடும் உரிமம் போய்விடும். போதைமருந்து விற்பவர்களை விரட்டத்தான் இது என்று சொன்னார்கள். ஊரே கை தட்டிற்று. வண்டியை யார் கூப்பிட்டது, அடித்தவனா அடிபட்டவளா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எண்ணிக்கை ஒன்றே அதற்குக் கணக்கு.

வெர்னாவின் மகள் ரெனாட்டா இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். கூட வாழ்ந்த டேல் என்பவன் குடித்தால் ஒரு மாதிரி, குடிக்காவிட்டால் இன்னொரு மாதிரி. இரண்டு மாதிரிக்கும் கை நீளும். இரண்டாவது தடவை போலீஸ் வந்து போன மறுநாள் வீட்டுக்காரர் வந்து, "இன்னொரு வாட்டி வண்டி வந்துச்சுன்னா நீ வெளியே போகணும். நான் உன்மேல கோபப்பட்டுச் சொல்லலைம்மா, சட்டம் அப்படி" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான்.

ரெனாட்டா தாயைக் கூப்பிட்டாள். வெர்னா இருந்தது முதியோருக்கான அரசாங்கக் குடியிருப்பில். அங்கே விருந்தாளியை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. மீறினால் வெர்னாவும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தாயும் மகளும் தொலைபேசியில் எல்லா வழியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் சுவரில் போய் முட்டிற்று. கடைசியில் வெர்னா சொன்னாள்:

"இப்போதைக்கு மூணாவது வாட்டி கூப்பிட்டுத் தொலைக்காதேடி. வீடு போயிடும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. வசந்தம் வரட்டும், ஏதாச்சும் பாப்போம்."

ரெனாட்டா தாய் சொல்லைத் தட்டாதவள் அல்ல. சின்ன வயதில் வைத்தது எதையும் வைத்த இடத்தில் விடமாட்டாள். இந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டாள். ஒரு சனிக்கிழமை பிற்பகல், சமையலறையில் கையெட்டும் தூரத்தில் தொலைபேசி இருந்தும், அதை எடுக்காமலே செத்துப்போனாள்.

டேல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்து வாங்கிக்கொண்டான். ஒப்புக்கொண்டால் விசாரணை இல்லை. விசாரணை இல்லையென்றால் சாட்சி இல்லை. சாட்சி இல்லையென்றால், அவள் ஏன் தொலைபேசியை எடுக்கவில்லை என்று எந்த அறையிலும் யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தது ஒரே ஒரு ஆள்தான். காலையில் காப்பி போடும்போதும் கேட்டாள், துணி மடிக்கும்போதும் கேட்டாள்.

ஒன்று, அந்தச் சட்டம் கொன்றது. இல்லையென்றால் நான் கொன்றேன். இரண்டில் எது என்று பெரிய இடத்தில் இருக்கிற யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெர்னாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கழகத்தின் வக்கீல் பெயர் காலிஸ்டா ப்ரூயிட். நாற்பதைத் தொட்டவள், கறுப்பினப் பெண், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவள். வெர்னா சொன்னதை நடுவில் பேசாமல் முழுக்கக் கேட்டாள். அதற்கே வெர்னாவுக்குக் கண் கலங்கிற்று.

"மிஸஸ் குஸ்மா, இந்தச் சட்டத்தைத்தான் நாங்க தேடிக்கிட்டிருக்கோம். இதை உடைக்கணும். ஆனா உங்க பேர்ல உடைக்க முடியாது."

"ஏன்? குடில் விஷயத்துல நான் உங்களுக்கு எதிராக் கையெழுத்து வாங்கினேன்னா?"

காலிஸ்டா சிரித்துவிட்டாள். "வாங்கினீங்களா? அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். எங்களைத் திட்டினவங்களுக்கு வாதாடறதுதான் பாதி வேலை. விஷயம் அது இல்லை. ஒரு சட்டத்தைச் செல்லாதுன்னு சொல்லச் சொல்லிக் கேக்கணும்னா, அது நாளைக்கும் யாரை அடிக்குமோ அவங்கதான் கேக்க முடியும். ரெனாட்டாவை அந்தச் சட்டம் இனிமே ஒண்ணும் செய்யாதுன்னு நீதிபதி சொல்லிடுவார்."

வெர்னா மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வாஸ்தவம்தான். இனிமே அவளை ஒண்ணும் செய்யாது" என்றாள்.

காலிஸ்டாவுக்கு முகம் சுண்டிற்று. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நஷ்டஈடு கேட்டு நீங்க தனியா வழக்குப் போடலாம், அதுக்கு வேற வக்கீல்கள் இருக்காங்க. ஆனா ஜெயிக்கிறது கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். எங்க வழி வேற. உயிரோட இருக்கிற, இன்னும் அந்த ஊர்லயே வாடகைக்கு இருக்கிற, வண்டி வந்து போன ஒரு பொண்ணு வேணும். அந்தப் பொண்ணு வழக்குப் போடட்டும். நீங்க சாட்சி. கூண்டுல ஏறி, 'நான் ஏன் அப்படிச் சொன்னேன்'னு நீங்க சொல்லுங்க. மேயரும் போலீஸ் தலைவரும் எதிர்ல உக்காந்து கேக்கட்டும். அப்புறம் நீதிபதி சொல்லட்டும்."

"நீதிபதி சொல்லுவாரா? சட்டம்தான் தப்புன்னு?"

"அதைச் சொல்ல வைக்கத்தானே நான் இருக்கேன்."

இந்தச் சொல்லை வெர்னா இரண்டு பேருந்திலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

கணவனின் அண்ணன் ஸ்டாஷ் அவள் குடியிருப்பிலேயே கீழ்த்தளத்தில் இருந்தான். ஆலையில் உருக்கு ஊற்றியவன்; ஒரு காது அங்கேயே போயிற்று, மிச்சக் காதில் ஊர்ச் செய்தி முழுக்க ஏறும்.

"எங்க போயிட்டு வரே, கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு?"

"கழகத்துக்கு."

"எந்தக் கழகம்? ஆலைச் சங்கமா? அதைத்தான் எப்பவோ புதைச்சாச்சே."

"உரிமைக் கழகம்."

ஸ்டாஷ் கையிலிருந்த சீட்டுக்கட்டைக் கீழே வைத்தான். "குழந்தை இயேசுவை லாரியில ஏத்தினாங்களே, அவங்ககிட்டயா? அடுத்தது என்ன, சாத்தானுக்கு ஒரு போன் போடுவியா?"

"சாத்தான் நம்ம ஊர்லதான் இருக்கான்போல. கொலம்பஸ்ல இருந்தவங்க காப்பி கொடுத்தாங்க."

"முகமூடி போட்டுக்கிட்டு ஊர்வலம் போற வெள்ளை இனவெறிப் பசங்களுக்கும் அவங்கதான் வாதாடினாங்க, தெரியுமா?"

"தெரியும். அவனுங்களுக்கே வாதாடறவங்க எனக்கு வாதாட மாட்டாங்களா?"

ஸ்டாஷ் சீட்டுக்கட்டைத் திரும்ப எடுத்தான். சீட்டைக் கலைத்தான். "சரி, உக்காரு. ஒரு ஆட்டம் போடு" என்றான். அவன் அளவில் அது பெரிய சம்மதம்.

வழக்குப் போட ஒரு பெண் வேண்டுமே. இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் மீன் பொரிப்பார்கள். ஊரே வரும், கோயிலுக்கு வராதவர்களும் வருவார்கள். வெர்னா பொரிக்கிற இடத்தில் நிற்பாள். அந்த வருஷம், பரிமாறுகிற இடத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கினாள். தட்டில் மீனும் கோஸும் போடும் நேரத்துக்குள், வருகிற பெண்ணின் முகத்தைப் பார்க்கலாம், முழங்கையைப் பார்க்கலாம். பார்க்கத் தெரிந்தால் பார்க்கலாம். பேருந்து ஓட்டிய காலத்தில், கண்ணாடியில் குழந்தைகள் ஏறுவதைப் பார்த்தே எந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள். சொந்த வீட்டுக்குத்தான் அந்தக் கண்ணாடி எட்டவில்லை.

ஷானா என்ற பெண் இரண்டு குழந்தைகளோடு வந்தாள். கடைசி வரிசையில் நின்று, குழந்தைகளுக்கு மட்டும் தட்டு வாங்கினாள். கழுத்தில் சால்வை சுற்றியிருந்தாள். கூடத்தில் வெந்துபோகிற சூடு.

"உனக்கு?"

"பசிக்கலை."

"பசிக்கலைன்னு யாரும் இந்தக் கூடத்துக்கு வர்றதில்லை. தட்டை நீட்டு." வெர்னா குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "எத்தனை வாட்டி வந்தாங்க?"

ஷானா குழந்தைகளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "மூணு. காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அவளைச் சம்மதிக்க வைக்க வெர்னா பட்ட பாடு! பெயர் வெளியே வரும், பழைய புருஷன் இன்னும் கோபப்படுவான், வேலை செய்கிற கடையில் என்ன சொல்வார்கள் என்று ஷானா நூறு பயம் சொன்னாள். ஒவ்வொன்றும் நியாயமான பயம். வெர்னா அவள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள், சாமான் தூக்கினாள், வக்கீல் வரும்போது கூடவே உட்கார்ந்தாள். வழக்குப் பதிவான அன்றே காலி செய்யும் உத்தரவை நீதிபதி தற்காலிகமாக நிறுத்தினார். ஷானா வீட்டில் தங்கினாள். ஊர் இருவரையும் சேர்த்துக் கரித்துக் கொட்டிற்று.

"நம்ம வரிப்பணத்தை வக்கீலுக்குக் கொட்டப் போறோம், வெர்னா தயவுல" என்று தபால் நிலையத்தில் ஒருத்தி காது கேட்கவே சொன்னாள்.

"டிசம்பர்ல கோயில் மணியையும் கழட்டச் சொல்லுவாளோ?" என்றாள் இன்னொருத்தி.

அதே குடியிருப்பில் எதிர்க் கதவு இர்மா, வெர்னாவோடு முப்பது வருஷம் ஜெபமாலை சொன்னவள், லிஃப்டில் வெர்னா நின்றால் படிக்கட்டில் போனாள். மூட்டு வலிக்காரி. அவ்வளவு சிரமப்பட்டும் போனாள்.

வெர்னா பொறுத்துக்கொண்டாள். கூண்டில் ஏறப்போகிற நாளை நினைத்துப் பொறுத்துக்கொண்டாள். கருநீலத்தில் ஒரு உடுப்பு எடுத்தாள். சொல்லப்போவதைச் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஸ்டாஷ்தான் நீதிபதி.

"சத்தமாச் சொல்லு, நீதிபதிக்கு ஒரு காது கேக்காது" என்பான். அவள், "மூணாவது வாட்டி கூப்பிடாதேன்னு நான்தான் சொன்னேன்" என்ற இடத்துக்கு வரும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் காலிஸ்டா காரில் நேரே வீட்டுக்கு வந்தாள். தொலைபேசியில் சொல்லாமல் நேரே வருகிறவர்கள் என்ன கொண்டுவருவார்கள் என்று வெர்னாவுக்குத் தெரியும். ரெனாட்டாவின் சாவும் அப்படித்தான் வந்தது.

"நகரமன்றம் இறங்கி வந்துடுச்சு. சட்டத்தையே ரத்து பண்றாங்க. ஷானாவுக்கு வீடு உறுதி, கொஞ்சம் ஈட்டுத்தொகையும் உண்டு. இனிமே இந்த ஊர்ல எந்தப் பொண்ணும் கூப்பிடப் பயப்பட வேண்டாம்."

"விசாரணை?"

"சட்டமே இல்லைன்னா விசாரிக்க ஒண்ணுமில்லை. வழக்கு உயிரில்லாமப் போயிடும். அதுக்குத்தான் அவங்க இப்ப ரத்து பண்றாங்க. நீதிபதி வாயால தப்புன்னு வந்துட்டா அவங்களுக்கு மானக்கேடு, பக்கத்து ஊர்கள்ல எல்லாம் இதே சட்டம் இருக்கு, அதுக்கும் ஆபத்து. தோக்கப்போறோம்னு தெரிஞ்சா ஆட்டத்தையே கலைச்சுடறது. இதை எங்கமேல அடிக்கடி பிரயோகம் பண்ணுவாங்க."

"ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? தப்புன்னு எழுதியிருக்கா?"

காலிஸ்டா தலையிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "இல்லை. 'நகரமன்றம் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல்' அப்படின்னு ஒரு வரி வரும். எல்லா ஒப்பந்தத்துலயும் வர்ற வரி."

"நீங்க முடியாதுன்னு சொல்லுங்க."

"என் கட்சிக்காரி ஷானா. முடிவு அவளோடது. அவ அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டா, மிஸஸ் குஸ்மா, சந்தோஷத்துல. ரெண்டு பிள்ளைங்க. கூண்டுல ஏறி அந்த ஆளைப் பத்திச் சொல்ல வேண்டாம்னு ஆனதுல அவளுக்கு உயிர் வந்துடுச்சு. உங்களுக்காக, அப்பீல் அது இதுன்னு இன்னும் ரெண்டு வருஷம் இழுடின்னு நான் எந்த வாயால சொல்றது?"

வெர்னாவுக்குக் கோபப்பட இடமே இல்லை. அதுதான் பெரிய கொடுமை. ஷானா செய்தது சரி. காலிஸ்டா செய்ததும் சரி. எல்லோரும் சரியாகச் செய்து முடித்த பிறகு, நடுவில் இவள் மட்டும் கருநீல உடுப்போடு நின்றாள்.

"அப்ப என் பொண்ணு?"

"உங்க பொண்ணாலதான் இது நடந்துச்சு."

"அது எனக்குத் தெரியும். வேற யாருக்காவது தெரியணுமே."

காலிஸ்டா கண்ணாடியை மறுபடி தலையில் ஏற்றினாள். "ரத்து பண்றதுக்கு மன்றம் கூடும். பொதுமக்கள் பேச நேரம் உண்டு, ஆளுக்கு மூணு நிமிஷம். நீங்க பேசலாம். யாரும் தடுக்க முடியாது. தடுத்தா நான் மறுநாளே வழக்குப் போடுவேன்."

மன்றம் திங்கள்கிழமை மாலை கூடியது. கூட்டம் நிறைய. சட்டம் ரத்தாவதைப் பார்க்க வந்த கூட்டமில்லை. நாய்களுக்குப் பூங்கா வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்குச் சண்டை. மேயர் ரோலண்ட் டூடெக் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆணி, சுத்தியல் விற்கிற கடைக்காரர். கடனுக்குக் கேட்டால் இல்லை என்று சொல்லாதவர். பள்ளிக்கூட நாளில் வெர்னாவின் பேருந்தில் போனவர். முதல் இருக்கையில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வருவார்.

சில்லறைக் காரியங்களை மொத்தமாகச் சேர்த்து ஒரே கைதூக்கலில் நிறைவேற்றுவது அவர்கள் வழக்கம். குமாஸ்தா வாசித்தாள்: சாக்கடைக் குழாய் வாங்க அனுமதி, ஜூலை நாலு சுதந்திர தின வாணவேடிக்கைக்கு ஒப்பந்தம், அப்புறம் ஒரு எண்ணைச் சொல்லி, அந்த எண்ணுள்ள சட்டம் நீக்கம். எல்லோரும் கை தூக்கினார்கள். இறக்கினார்கள். பின்வரிசையில் ஷானா காலிஸ்டாவைக் கட்டிக்கொண்டாள். முன்வரிசையில் ஒருவர், "நாய்ப் பூங்கா எப்ப வரும்?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார்.

அவ்வளவுதான். அந்தச் சட்டம் செத்தது. ரெனாட்டாவைப் போலவே, ஒரு சத்தமும் இல்லாமல்.

பெயர் கூப்பிட்டதும் வெர்னா போய் ஒலிவாங்கி முன்னால் நின்றாள். மேசைமேல் நேரம் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

"நான் வெர்னா குஸ்மா. ரெனாட்டாவோட அம்மா. இப்ப நீங்க குழாயோட சேர்த்துத் தள்ளினீங்களே ஒரு சட்டம், அதைப் பத்திப் பேச வந்தேன்."

நாய்ப் பூங்காவுக்காக வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பொண்ணு ரெண்டு வாட்டி கூப்பிட்டா. மூணாவது வாட்டி கூப்பிடாதேன்னு நான்தான் சொன்னேன். பெத்தவ நான் சொன்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருன்னு சொன்னேன். அவளும் இருந்தா. ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு என்ன, பைத்தியமா? இந்த மேசையில உக்காந்து நீங்க அன்னைக்குக் கை தூக்கினீங்க, அதனால சொன்னேன். கூப்பிட்டா வீடு போகும், கூப்பிடலைன்னா..." மஞ்சள் விளக்கு வந்தது. "இன்னைக்கு அதே கையைத் தூக்கி எடுத்துட்டீங்க. தப்பான சட்டம் இல்லைன்னா ஏன் எடுத்தீங்க? தப்புன்னா, யாராவது ஒருத்தர் அதைச் சொல்லுங்க. காசு வேண்டாம். ஒரு வார்த்தை. அவ சாவுக்கு நீங்க போட்ட சட்டமும் காரணம்னு, இந்த ஒலிவாங்கியில, ஒரே ஒருத்தர் சொல்லுங்க. அதைக் கேட்டுட்டு நான் வீட்டுக்குப் போறேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. நகரமன்றத்து வக்கீல் குனிந்து மேயரின் காதில் ஏதோ சொன்னார். மேயர் கையை அசைத்து அவரை விலக்கினார். மேயரின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. வெர்னா அதைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த முதல் இருக்கைப் பையன் சொல்லிவிடுவான் என்று நம்பினாள்.

"வெர்னா," என்றார் மேயர், "இந்த ஊர்ல உங்க பஸ்ல ஏறாத பிள்ளை கிடையாது. உங்களைக் குத்தம் சொல்றவங்க இந்த அறையில ஒருத்தர்கூட இல்லை. தாய் மனசு. பயத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்க. யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. நீங்க அதையே நினைச்சு உங்களை வாட்டிக்க வேண்டாம். ஆண்டவர் உங்களை மன்னிப்பார். நாங்க யாரும் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலை."

கூடம் முழுக்கத் தலையசைத்தது. யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். பிறகு கைதட்டல் எழுந்தது. மேயருக்குத்தான். நெஞ்சைத் தொடும்படி பேசிவிட்டார் அல்லவா? சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

வெர்னா வாயைத் திறந்தாள். "மூணு நிமிஷம் முடிஞ்சுதும்மா" என்று குமாஸ்தா மெதுவாகச் சொல்லி, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். நாய்ப் பூங்காக்காரர் எழுந்தார்.

வெளியே படியில் காலிஸ்டா ஓடிவந்து பிடித்தாள். ஷானா சற்றுத் தள்ளி, தன் அம்மாவிடம் தொலைபேசியில் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள்.

"கேட்டீங்களா?" என்றாள் வெர்னா. "மன்னிச்சுட்டாரு. ஊரைக் கூட்டி வெச்சு என்னை மன்னிச்சுட்டாரு."

"மிஸஸ் குஸ்மா, அவர் சொன்னதுக்கு அர்த்தம் ஒண்ணுமில்லை. சட்டம் போயிடுச்சு. அது நிஜம். அடுத்த ஊர், அதுக்கடுத்த ஊர்னு இதைக் காட்டியே..."

"போங்க. போய் எல்லா ஊர்லயும் எடுங்க. எடுக்கணும்தான். எடுக்க வேண்டாம்னு நான் சொல்லலை." வெர்னா கோட்டின் பொத்தானைப் போட முயன்றாள், விரல் ஒத்துழைக்கவில்லை. "ஆனா இத்தனை நாளா, நானா சட்டமான்னு எனக்கு மட்டும்தான் சந்தேகம். இப்ப ஊருக்கே தெளிவாயிடுச்சு. கை தட்டித் தீர்ப்புச் சொல்லிட்டாங்க. இதுக்கு எங்கயாவது மேல்முறையீடு உண்டா?"

காலிஸ்டா குனிந்து, வெர்னாவின் கோட்டுப் பொத்தானைத் தானே போட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் இர்மா. இரண்டு கையிலும் துணி சுற்றிய கண்ணாடிப் பாத்திரம். அடுப்பில் வெந்த மக்ரோனியும் பாலாடைக்கட்டியும் மணத்தன. அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குக் கொண்டுபோகிற பண்டம். ரெனாட்டா செத்தபோது அவ்வளவாக யாரும் கொண்டுவரவில்லை. அந்த மாதிரிச் சாவுக்கு எதைச் சமைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை போலும்.

"நேத்து மேயர் என்னமாப் பேசினார் வெர்னா! நான் அழுதுட்டேன். இனிமே நீ உன்னை வதைச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை ஜெபமாலைக்கு வா. எல்லாரும் உன்னை எதிர்பார்க்கறாங்க."

வெர்னா பாத்திரத்தை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"உண்மையாச் சொல்றேன்," என்று இர்மா இன்னும் கிட்ட வந்தாள். "நாங்க யாரும் உன்னைப் பத்தி ஒருநாளும் அப்படி நினைச்சதே இல்லை."

"எப்படி?" என்று கேட்டாள் வெர்னா.

இர்மாவின் கை பாத்திரத்தோடு அப்படியே நின்றது.

"எப்படி நினைச்சதே இல்லை, இர்மா? சொல்லேன்."

தாழ்வாரத்தில் இரண்டு கதவுகள் திறந்திருந்தன. இரண்டும் ஓசையில்லாமல் சாத்திக்கொண்டன. இர்மா துணியின் முடிச்சைச் சரிசெய்தாள். பிறகு பாத்திரத்தை வெர்னாவின் கையில் திணித்தாள்.

"சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடு. ஆறினா நல்லா இருக்காது" என்றாள்.